காணாமற் போனதும் களவு போனதும்

சங்கக்கடையில் வேலை செய்தவர்களுக்கு இருப்பெடுக்கும் நாள் என்றால் வயிற்றைக் கலக்கும். புத்தகத்தில் இருக்கிற அரிசி சாக்கில் இராது. அரிசி காய்ந்து நிறை குறையும். மண்ணெண்ணெய் ஆவியாகும். எலி தன் பங்கை எடுத்துவிடும். குறிகட்டுவானில் மூட்டையைப் படகில் ஏற்றும்போது கொழுக்கி குத்திய ஓட்டையால் வழியெல்லாம் சீனி சிந்தியிருக்கும். கால் கிலோ, அரைக் கிலோ என்று நிறுத்துக் கொடுக்கையில் ஒவ்வொருவருக்கும் ஒரு சிட்டிகை கூடப் போயிருக்கும். இதெல்லாம் சேர்ந்து வருகிற துண்டை நாங்கள் 'இருப்புக் குறைவு' என்று எழுதுவோம். களவு என்று எழுதுவதானால் அதற்கு வேறு ஆட்கள் வரவேண்டும், விசாரிக்க வேண்டும், சாட்சி வேண்டும். தீவகத்தில் ஒரு சங்கக் கிளையில் ஓய்வுபெறும்வரை கணக்கு எழுதிய எனக்கு இந்த ஒழுங்கு கையில் ஊறிப்போனது.

வீடுகளில் இந்த ஒழுங்கைக் காணோம். ஒரு பொருளைக் காணவில்லை என்றால் அந்தக் கணமே அது களவு போனதாகிவிடுகிறது. களவு என்றால் கள்ளன் வேண்டும், கள்ளனுக்கு ஒரு முகம் வேண்டும். சில காலம் அந்த முகமாக இருந்தவள் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஆனித் திருவிழா. பாரிஸிலிருந்து சிநேகிதி ஒருத்தி வந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள் நாலு பேர். தேருக்கு முதல்நாள் இரவு, நயினாதீவிலேயே குடியிருக்கும் சிநேகிதி வீட்டில் நாலு பேரும் பாய் விரித்துப் படுத்தோம். படுத்தது எங்கே, விடியவிடியக் கதைதான். காலையில் தோய்ந்து சேலை கட்டுகிற நேரம், பாரிஸ்காரியின் மூன்று பவுண் சங்கிலியைக் காணவில்லை. அலுமாரி, சூட்கேஸ், தலையணை உறை, சாமியறை, கிணற்றடி எல்லாம் தேடியாயிற்று. குசினியில் தேத்தண்ணி ஆறிப்போனது. பிறகு அவள் சொன்னாள்:

"நான் ஒருத்தரையும் சொல்லேல்லை. ஆனா வீட்டுக்குள்ள படுத்தது நாங்கள் நாலு பேர்தானே."

இந்த வசனத்தைக் கேட்டு வளராதவர்கள் எங்கள் ஊர்களில் இல்லை. 'நீதான் எடுத்தனி' என்று நேரே சொன்னால் 'இல்லை' என்று நேரே சொல்லலாம், சண்டை பிடிக்கலாம், வழக்கும் போடலாம். ஒருத்தரையும் சொல்லாத பழிக்கு என்ன மறுமொழி? மறுத்தால், "உன்னை ஆர் சொன்னது, நீ ஏன் பதறுறாய்?" என்பார்கள். பேசாமல் இருந்தால், "பாத்தியே, வாய் திறக்கேல்லை" என்பார்கள். குற்றவியல் அவதூறுச் சட்டத்தை இலங்கை 2002 இல் எடுத்துவிட்டது. மானநட்ட வழக்கு இப்போதும் போடலாம். ஒருத்தரையும் சொல்லேல்லை என்றவள்மீது எதைக் காட்டிப் போடுவது? குற்றம் எண்பிக்கப்படும்வரை ஒருவர் சுத்தவாளியாகவே கொள்ளப்பட வேண்டும் என்று அரசியலமைப்பின் 13(5) ஆம் உறுப்புரை சொல்கிறது. அந்த உறுப்புரை ஊர்காவற்றுறை நீதிமன்றம்வரை வரும். கிணற்றடிக்கு வராது.

தேர் இருப்பிடத்துக்கு வருவதற்குள் கதை என் பக்கம் திரும்பிவிட்டது. காரணங்கள் இருந்தன. விடியற்காலை முதலில் எழும்பியவள் நான். கிணற்றடிக்குத் தனியப் போனவளும் நான். மகனை வெளிநாடு அனுப்ப நான் காசுக்கு அலைவது எல்லோருக்கும் தெரியும். சங்கக்கடையில் இருந்தவளுக்குக் கை நீளாதோ என்று ஒரு பகிடியும் ஓடியது. இவற்றில் ஒன்றுகூடச் சங்கிலியைப் பற்றியதல்ல. எல்லாம் என்னைப் பற்றியவை.

சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன் செய்ததும் இதைத்தான். காவலர்கள் கோவலனைப் பார்த்துவிட்டு, இவன் கள்வனைப் போல் இல்லையே என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் சாட்சி ஒன்றையும் கொண்டுவரவில்லை. கள்வர்கள் மந்திரம் வைத்திருப்பார்கள், மருந்து வைத்திருப்பார்கள், நேரமும் இடமும் பார்ப்பார்கள் என்று களவுக் கலையைப் பற்றி ஒரு விரிவுரை நிகழ்த்துகிறான். படிப்பறிவில்லாத குடிகாரன் ஒருவனுக்கு அதுவே போதுமாக இருந்தது, வாளை ஓங்கிவிட்டான். அரசியின் சிலம்பை எடுத்தவன் அந்தப் பொற்கொல்லன்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் எனக்குக் கோபம் அவன்மேல் அல்ல, பாண்டியன்மேல். கோவலன் கையில் இருந்த சிலம்பில் மாணிக்கம், அரசியின் சிலம்பில் முத்து. கொல்வதற்கு முன் ஒரு சிலம்பை அசைத்து, உள்ளே என்ன பரல் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் முடிந்திருக்கும். அவ்வளவுக்கும் அவனுக்கு நேரம் இல்லை. ஊடலில் இருந்த அரசியைத் தேற்றப் போகும் அவசரம்.

புங்குடுதீவில் கண்ணகை அம்மனுக்குக் கோயில் இருக்கிறது. நான் வாழ்க்கைப்பட்ட ஊர் அது. அந்த அம்மனைக் கும்பிட்டுக்கொண்டே எங்களவர் எனக்குச் சொன்ன புத்தி என்ன தெரியுமா? "கோயிலிலை ஒரு கற்பூரத்தைக் கொளுத்தி, அடிச்சு நூத்துச் சத்தியம் பண்ணிவிடடி, சோலி முடிஞ்சுது." இன்னொருத்தி மை போட்டுப் பார்க்கிற ஆளின் விலாசம் தந்தாள். நான் இரண்டுக்கும் போகவில்லை. பக்திக் குறைவால் அல்ல. சத்தியம் செய்தால், சத்தியம் செய்யவேண்டிய இடத்தில் நான் நிற்கிறேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதற்குப் பிறகு என் வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், மாடு ஒன்று செத்தாலும், சத்தியம் பலித்ததாகக் கணக்கு எழுதப்படும். கண்ணகி பாண்டியன் அவையில் சத்தியம் செய்யவில்லை. தன் சிலம்பில் மாணிக்கப் பரல் என்று சொல்லி, அரசியின் சிலம்பில் முத்து என்று முதலில் அவனையே சொல்ல வைத்தாள். பிறகுதான் தன் சிலம்பை உடைத்தாள். கணக்கு எழுதுகிறவர்களுக்கு அது நன்றாகப் பிடிபடும் முறை. முதலில் புத்தகம், பிறகு இருப்பு.

இந்தக் காப்பியத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மதுரை எரிகையில் அந்த நகரின் காவல் தெய்வம் வந்து கண்ணகிக்கு ஒரு விளக்கம் கொடுக்கிறது. முற்பிறப்பில் கோவலன் பரதன் என்ற பெயரில் சிங்கபுரத்து அரசனிடம் வேலை பார்த்தானாம். நகை விற்க வந்த சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்வித்தானாம். சங்கமனின் மனைவி நீலி இட்ட சாபம்தான் பலித்ததாம். ஊழ் என்பது அந்தக் காப்பியத்தின் அடித்தளம் என்று தமிழ் படித்தவர்கள் எனக்கு விளக்குவார்கள், தெரியும். என் காதில் அது வேறு மாதிரி விழுகிறது. பழி பொய் என்று எண்பித்த பிறகும் பழிபட்டவனிடமே ஏதாவது பிழை தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. ஊரில் இதை இன்னும் சுருக்கமாகச் சொல்வார்கள்: "நெருப்பில்லாமல் புகையுமே?"

அதே கோவலனின் மகள் மணிமேகலை, மணிபல்லவத் தீவில் அமுதசுரபியைப் பெற்றாள். மணிபல்லவம் எது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் பிணக்கு இருக்கலாம், நயினாதீவாருக்குள் இல்லை. கோயிலின் அன்னதான மண்டபத்துக்கும் அமுதசுரபி என்றே பெயர். களவென்ற பொய்ப்பழியில் வெட்டுண்டவனின் பிள்ளை கால்வைத்த மண் என்று பெருமை பேசுகிற ஊரில், அதன் தேர்த் திருவிழாவன்று, அந்த மண்டபத்துப் பந்தியில் என் பக்கத்து இலைக்கு ஆள் வராமல் நான் சாப்பிட்டேன். சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தால் என் கணவர் வேறு ஒரு வழி வைத்திருந்தார். "இஞ்சரப்பா, காசைக் குடுத்திட்டுக் கதையை முடிப்பம்." நல்ல மனத்தோடுதான் சொன்னார். சங்கத்தில் குறைவு வந்தால் சிலர் அப்படித்தான் செய்வார்கள். கைக்காசைப் போட்டு வாயை மூடிவிடுவார்கள். அப்படிப் போட்டவர்களை மேலிடம் அடுத்த தடவை கூடுதல் சந்தேகத்தோடு பார்த்ததையும் நான் கண்டிருக்கிறேன்.

இப்படிக் கைக்காசு கட்டியும் தப்பாதவர்கள் இங்கிலாந்திலும் இருந்தார்கள். அந்தக் கதையை லண்டனில் இருக்கிற எங்கள் தீவார் 2024 ஜனவரியில் தொலைக்காட்சி நாடகமாகப் பார்த்துவிட்டுப் பேசிப் பேசி மாய்ந்தார்கள். அங்கே உப தபாலதிபர்கள் பலர் கடையும் தபாற்கந்தோரும் சேர்த்து நடத்துகிறவர்கள். ஃபுஜிட்சு நிறுவனம் செய்த ஹொறைசன் என்ற கணினி முறை உண்மையில் இல்லாத குறைவைக் காட்டியது. அதை நம்பி 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டவர்களைக் களவு, பொய்க்கணக்கு என்று குற்றவாளிகளாக்கினார்கள். ஹாம்ப்ஷயரில் சவுத் வார்ன்பரோ என்ற சின்ன ஊரில் ஜோ ஹமில்டன் என்ற பெண்மணிக்கு இரண்டாயிரம் ஸ்டேர்லிங் பவுண் குறைந்தது. உதவி கேட்டுத் தொலைபேசி எடுத்து, அவர்கள் சொன்னபடி செய்ய, கண்முன்னாலேயே அது நாலாயிரமாயிற்று. வீட்டை ஈடுவைத்துக் காசு கட்டினார். பொய்க்கணக்கை ஒப்புக்கொண்டால் களவுக் குற்றச்சாட்டை விடுகிறோம் என்றார்கள், ஒப்புக்கொண்டார். கட்டிய காசும் ஒப்புதலும் அவரைக் காப்பாற்றவில்லை, குற்றவாளி என்ற பெயர் அவரோடு பல ஆண்டு நடந்தது. 2021 ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தீர்ப்பை ஒரே நாளில் அழித்தபோதுதான் அவர் பெயரும் அழிந்தது.

அந்த ஊரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சவுத் வார்ன்பரோ மக்கள் அவருக்காகக் காசு சேர்த்தார்கள். வழக்கு நாளில் நீதிமன்றத்தில் வந்து நிரம்பினார்கள். கணினி என்ன சொன்னாலும் இவளை எங்களுக்குத் தெரியும் என்று நின்றார்கள். வேறு ஊர்களில் உப தபாலதிபர்களைத் தெருவில் கள்ளன் என்று ஏசியிருக்கிறார்கள், அவர்களின் பிள்ளைகளைப் பள்ளியில் வதைத்திருக்கிறார்கள். கணினி எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

எனக்கு நின்றவர்கள் யார் என்று கேட்டால், நாலு பேரில் ஒருத்தி. வவுனியாவில் இருந்து வந்தவள். அவளும் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. திரும்புகிற படகில் என் பக்கத்தில் இருந்தாள், குறிகட்டுவானில் இறங்கும்போது என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டினாள். அதை எல்லோரும் பார்த்தார்கள். பழிபட்ட ஒருவருக்கு என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஆறுதலை வீட்டுக்குள் வந்து சொல்லாதீர்கள், ஆட்கள் பார்க்கிற இடத்தில் பக்கத்தில் இருங்கள்.

பாரிஸ்காரியைப் பற்றி இதையும் எழுதாவிட்டால் கணக்கு முழுமையாகாது. 1991 இல் போரால் தீவை விட்டு வெளிக்கிட்டு நாங்கள் இரண்டு குடும்பமும் நல்லூரில் ஒரே வளவில் இருந்தோம். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமமே எழும்பி நடந்த அந்த இரவில் அவள் கையில் கைக்குழந்தை. தன் தாயின் தாலிக்கொடியையும் இரண்டு சோடிக் காப்பையும் துணியில் முடிந்து என்னிடம் தந்தாள். மழையில், நாவற்குழிப் பாலத்துச் சனத்துக்குள் அவளையும் பிள்ளையையும் தவறவிட்டேன். முடிச்சு என் இடுப்பில் இருந்தது. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளைக் கண்டுபிடித்து ஒப்படைத்தேன். எண்ணிப் பார்க்காமல் வாங்கி நெஞ்சுக்குள் செருகினாள்.

"அதை ஏன் நீ அண்டைக்குச் சொல்லேல்லை?" என்று இவர் இப்போதும் கேட்பார். சொல்ல வாய்வரை வந்தது. ஆனால் நான் கணக்குக்காரி. முப்பது வருடம் நேர்மையாக இருந்தவர் முப்பத்தோராம் வருடம் கைவைத்ததையும் கண்டிருக்கிறேன். பழைய நேர்மை ஒரு சாட்சியாகாது என்று எனக்கே தெரியும். அவள் என்னை நம்பியே தீரவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என்னைத் தனியக் கூப்பிட்டு, "எடி, சங்கிலியைக் கண்டனியோ?" என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். நாவற்குழிப் பாலத்துக்கு அந்தக் கேள்வி ஒன்றையாவது அவள் எனக்குக் கடன்பட்டிருந்தாள்.

இதைவிடப் பெரிய சோதனை அடுத்த கிழமை வந்தது. "சரி, நீ எடுக்கேல்லை. அப்ப ஆர்?" பழிபட்டவர்கள் எல்லோரையும் ஊர் கொண்டுபோய் நிறுத்துகிற மூலை இது. இன்னொரு பெயரைக் கொடுத்தால் நீ போகலாம் என்று அர்த்தம். கொடுப்பதற்கு ஒரு பெயர் தயாராகவும் இருந்தது. அன்று காலை சமையலுக்கு உதவிக்கு வந்த ஒரு பிள்ளை. தகப்பன் இல்லை, தாய் நண்டுப் பாட்டுக்குக் கூலிக்குப் போகிறவள். நான் வாயே திறக்க வேண்டியதில்லை, தலையை ஆட்டினால் போதும். பொலிஸில் முறைப்பாடு எழுதுவது என்று பேச்சுத் தொடங்கிவிட்டது.

பொலிஸ் முறைப்பாடு என்றால் ஏழைக்கு என்ன நடக்கும் என்பதை 2023 ஆம் ஆண்டு எங்களுக்கு இரண்டு தடவை காட்டியது. மே மாதம், கொழும்பில் வீட்டுவேலை செய்த பதுளைத் தமிழ்ப் பெண் ஒருவரை நகை களவு என்ற முறைப்பாட்டில் வெலிக்கடைப் பொலிஸார் கொண்டுபோனார்கள். அவர் காவலில் இறந்தார். நவம்பரில், களவுச் சந்தேகத்தில் வட்டுக்கோட்டைப் பொலிஸார் பிடித்த சித்தங்கேணி இளைஞர் இறந்தார். தன்னை என்ன செய்தார்கள் என்று அவர் சொல்லும் காணொளி எங்கள் எல்லோருடைய கைத்தொலைபேசியிலும் ஓடியது. வட்டுக்கோட்டை எங்களுக்குத் தூர தேசம் அல்ல.

நான் நயினாதீவுக்குப் போனேன். அந்த வீட்டு விறாந்தையில் எல்லோரும் இருக்கும்போது சொன்னேன்: "முறைப்பாடு எழுதுறதெண்டா எழுதுங்கோ. அந்த அறைக்குள்ள கடைசியாச் சங்கிலியைக் கண்டது நான். என்ரை பேரை முதல் எழுதுங்கோ. அந்தப் பிள்ளை அறைக்குள்ளயே வரேல்லை." முறைப்பாடு எழுதப்படவில்லை. என் பெயரை ஒருத்தரும் வாயால் சொல்ல முன்வராததால் அந்தப் பிள்ளையின் பெயரும் தப்பியது.

'அப்ப ஆர்' என்ற கேள்விக்கு 'தெரியாது' என்பது முழுமையான மறுமொழி. ஒருவேளை ஆருமே இல்லை. புங்குடுதீவில் எனக்குத் தெரிந்த ஒரு கிழவி பிள்ளைகள் அனுப்புகிற காசை அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டு, மாதாமாதம் பார்க்க வருகிற பிள்ளையைக் கள்ளி என்பார். மறதி நோய் வந்தவர்கள் தங்களைப் பராமரிப்பவர்கள்மேலேயே களவுப் பழி போடுவது அந்த நோயின் தெரிந்த குணம் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். வைத்த இடம் நினைவில் இல்லாதபோது மனம் எடுத்த ஆளைச் செய்துகொள்கிறது. நோயில்லாத எங்களுக்கும் கொஞ்சம் கொஞ்சம் அந்தக் குணம் உண்டு. விடியவிடிய முழித்து, மணலில் நடந்து, இருட்டில் கிணற்றடியில் கால் கழுவிய நாலு பெண்களில் ஒருத்தியின் கழுத்திலிருந்து கொக்கி கழன்ற சங்கிலி எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது. நயினாதீவு மணலுக்குத் தெரிந்திருக்கலாம்.

சங்கிலி இன்றுவரை கிடைக்கவில்லை. கிடைக்கும், கிடைத்து எல்லோர் முன்னாலும் என் பெயர் வெளுக்கும் என்று காத்திருந்த காலம்தான் எனக்கு மிகவும் கெட்ட காலம். பழிபட்டு எழுதிக் கேட்கிற பிள்ளைகளுக்கு நான் அதையே சொல்கிறேன். பொருள் கிடைக்கிறதோ இல்லையோ, சீட்டுக்குப் போகிற இடத்துக்குப் போங்கள், கோயிலுக்குப் போங்கள், சங்கக்கடைக்குப் போங்கள். ஒளித்தால் ஒளித்ததையும் சாட்சியாக எழுதுவார்கள். கேட்டவர்களுக்கு ஒரு தடவை மறுமொழி சொல்லுங்கள், இரண்டாம் தடவை கேட்டால் "அண்டைக்குச் சொன்னதுதான்" என்றுவிடுங்கள். பழி போட்டவரிடம் நேரே போய், நாலு பேர் முன்னால், "என்னை நினைக்கிறியோ?" என்று கேளுங்கள். 'ஒருத்தரையும் சொல்லேல்லை' என்ற வசனம் அந்தக் கேள்விக்கு முன் நிற்காது.

நான் கேட்டேன். வைபரில், எங்கள் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் இருக்கிற குழுவில் கேட்டேன். அவள் எனக்குத் தனியாகக் குரற்செய்தி அனுப்பினாள். அழுதாள், மறந்துவிடுவோம் என்றாள். எனக்குத் தனியாகச் சொல்லத் தேவையில்லை, நான் எடுக்கவில்லை என்பது எனக்கு முதலே தெரியும் என்றேன். குழுவில் எழுதச் சொன்னேன். தைப்பொங்கல் வாழ்த்துகளுக்கு நடுவில் ஒருநாள் எழுதினாள். சங்கிலி தொலைந்துபோனது தன் கவனக்குறைவு, ஒருவரையும் நினைத்தது பிழை என்று இரண்டு வரி. கீழே வழமைபோல நிறையக் கும்பிடுகிற கைகள் விழுந்தன.

இந்த ஆனிக்கும் வருகிறாள். கவரிங் போட்டுக்கொண்டு வருவாளாம், நாலு பேரும் பழையபடி ஒன்றாகப் படுத்துக் கதைப்போமாம். நான் காலைப் படகில் வந்து, அமுதசுரபியில் சாப்பிட்டு, பின்னேரப் படகில் திரும்பிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.